நின்னுபோச்சுன்னு சொன்னவள்

பங்குனி பிறந்துவிட்டால், ஆடு மேய்க்கிறவர்களின் குடியிருப்பான ஜாலிக்குண்டெ ஹட்டியில் எந்தப் பொம்பளையின் கையைப் பார்த்தாலும் விரலிடுக்கெல்லாம் கறுத்துக் கிடக்கும். புளி தட்டுகிற காலம். சிரா மண்டியிலிருந்து வண்டி வந்து மூட்டை மூட்டையாகப் புளியை இறக்கிவிட்டுப் போகும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி, கொட்டையைப் பிதுக்கி எடுத்துவிட்டுப் பழத்தை மட்டும் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும். வெயில் ஏறும்வரைக்கும் ஹட்டி முழுக்க டொக் டொக்கென்று அதே சத்தம்தான். ராத்திரி படுத்த பிறகும் காதுக்குள் அது கேட்டுக்கொண்டிருக்கும்.

அன்றும் முள்வேலிக்கு உள்ளே வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சிறுமக்கா ஒரு பக்கம், அவளுக்கு நேரெதிரே அவள் ஓரகத்தி பொம்மக்கா. பொம்மக்காவுக்குக் கை புளியில் இருக்கும், கண் ஹட்டியில் இருக்கும். நாற்பது வீட்டில் எவள் எந்தத் தேதியில் வெளியே போனாள், எந்தத் தேதியில் குளித்து உள்ளே வந்தாள் என்பதெல்லாம் அவளுக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும். அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

ஹட்டியில் யாரும் மாதவிலக்கு என்று சொல்வதில்லை, 'வெளியே' என்பார்கள். வெளியே ஆனவள் அஞ்சு நாள் வேலிக்குள் இருக்கக்கூடாது. தூரத்தில் இருக்கிற எல்லைக்கல்லையும் தாண்டக்கூடாது. வேலிக்கும் கல்லுக்கும் நடுவில்தான் கிடக்க வேண்டும். முன்பெல்லாம் அங்கே சோளத்தட்டைக் குடிசை ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜீப்பில் வந்த அதிகாரிகள் குடிசையைப் பிரித்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் சிமெண்டில் ஓர் அறை கட்டி, அதற்குப் பவனம் என்று பேரும் வைத்துவிட்டுப் போனார்கள். வெளியே கிடப்பது நிற்கவில்லை, கூரைதான் மாறியது. கூரையோடு ஒரு பல்பும் வந்தது.

"உம் மக இந்த மாசம் முன்னாடியே போய் வந்துட்டா, கவனிச்சியா?" என்றாள் பொம்மக்கா.

"ஆமாக்கா."

"போன மாசம் இருபத்தி நாலு. அதுக்கு முந்தின மாசம் இருபத்தஞ்சு. இந்த மாசம் பன்னண்டுக்கே போய்ட்டா. பரிட்சைக்குத் தோதா எத்தப்பசாமியே தேதிய மாத்தி வச்சிட்டாரு போல."

"அவருக்கும் கண்ணு இருக்குதில்ல."

"இருக்கும் இருக்கும். கண்ணு இருந்து என்னா, படிக்கறது அவ தலையில ஏறணுமே. பத்தாவதுல ஒண்ணு போனாலும் வைகாசில எங்க அண்ணன் மகனுக்குத்தான். உம் புருஷன் வாயாலயே சொன்னது. நான் ஒண்ணும் புடுங்கிக் கேக்கல."

"ஒண்ணும் போவாது."

"போவலன்னா சந்தோசம். எங்க அண்ணன் மகன் டிராக்டர் ஓட்றான், அவனுக்கென்னா பொண்ணுக்குப் பஞ்சமா?"

பக்கத்தில் இருந்தவள் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். டிராக்டர் அவனுடையதல்ல, ஓட்டுவது மட்டும்தான் அவன் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பொம்மக்கா சிரிப்பைக் காதில் வாங்காமல் சிறுமக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கென்னாடி, நீ குடுத்து வச்சவ. நாப்பது தாண்டுறதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. எனக்கு நாப்பத்தெட்டு வரைக்கும் இழுத்தடிச்சுது."

சிறுமக்கா குனிந்து கொட்டையைப் பிதுக்கினாள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் தலை நிமிர மாட்டாள். ஏனென்றால் நிற்கவில்லை. ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மகள் சைத்ரா எட்டாவது படிக்கும்போது, வனஜாட்சி மேடம் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து ஹட்டி வேலி வரைக்கும் வந்தாள். "மாசத்துல பத்து நாளு பொண்ணு வரலைன்னா நான் என்னத்த சொல்லிக் குடுக்கறது? அஞ்சு நாளு உங்க கட்டுப்பாடு, சரி. மிச்சம் அஞ்சு நாளு எங்க போறா?" என்று கத்தினாள். மிச்சம் அஞ்சு நாள் எங்கேயும் போகவில்லை. சிறுமக்கா வெளியே போனால் வீட்டில் அடுப்பு மூட்டவும், தண்ணீர் எடுக்கவும், ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை போடவும் வேறு ஆள் கிடையாது. புருஷன் கேத்தப்பா விடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவான். ஆகவே அம்மா வெளியே போனால் மகள் வீட்டில், மகள் வெளியே போனால் மகளே வெளியே. கணக்கில் நல்ல மார்க் வாங்குகிற பெண்ணுக்கு மாதத்தில் பத்து நாள் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

மேடம் போன மறுமாதம் சிறுமக்கா வெளியே போகவில்லை. "நின்னுபோச்சு" என்று சொன்னாள். ஒரு வார்த்தைதான். சொல்வதற்கு லேசாக இருந்தது, அதைக் காப்பாற்றுவதில்தான் அவள் பாதி ஆளாகிப் போனாள். நின்றுபோனவளுக்குத் துணி துவைத்துக் காயப்போட வேலை இருக்கக்கூடாது. நின்றுபோனவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடாது. அந்த நாட்களில் அவள் அடுப்படியில் நின்று களி கிண்டும்போதும், சாமி மாடத்தில் விளக்கேற்றும்போதும் வாய்க்குள்ளேயே மன்னிப்புக் கேட்பாள். தப்பு என்று அவள் முழுக்க நம்பினாள். போன மழைக்கு மூன்று குட்டிகள் கழிந்து கழிந்து செத்தன. கேத்தப்பா வேம்பிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். ஹட்டியில் அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். சிறுமக்காவுக்கு மட்டும் ஒரே காரணம்தான் தெரியும்.

பரீட்சை வந்த நேரமாகப் பார்த்து எத்தப்பன் பரிசை என்கிற சாமித் திருவிழாவும் வந்து சேர்ந்தது. இந்த வருஷம் சாமி பெட்டி தூக்குகிற முறை கேத்தப்பாவுக்கு. ஒன்பது நாள் கையில் காப்பு, காலில் செருப்பு கிடையாது, பிரம்பைக் கீழே வைக்கக்கூடாது, தீட்டுப் பட்டவர் கையால் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. ஹட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதையில்தான் சாமி கோயில், அதைக் குடி என்பார்கள். ஒன்பது நாளும் பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்திருப்பார்கள். மகளுக்குத் தேதி முன்னாலேயே வந்து போய்விட்டதில் சிறுமக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது உண்மைதான். தன்னுடைய தேதிக்கும் இன்னும் பத்து நாள் இருந்தது. பரிசை முடிந்துவிடும். இந்த ஒரு தடவையாவது சாமிக்குப் பயப்படாமல் இருக்கலாம் என்று நினைத்தாள்.

கன்னடப் பரீட்சை நல்லபடியாக முடிந்தது. கணக்குப் பரீட்சை அன்று காலையில் சைத்ரா வீட்டுக்குள் வரவில்லை.

குளித்து முடித்துச் சீருடை போட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே ஆட்டுப்பட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்க் குடத்தை வாசற்படியிலேயே வைத்திருந்தாள். சிறுமக்கா சாதத்தில் மோர் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உள்ள வந்து உக்காந்து சாப்புடு. எதுக்கு அங்க நிக்கற?"

"இங்கயே குடு. கீழ வெச்சிடு."

கீழே வை என்ற சொல்லைக் கேட்டதும் சிறுமக்காவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னாடி?"

"ஆயிட்டேன்மா."

"பன்னண்டாம் தேதிதான போன? இன்னிக்கு இருபத்தி மூணு. உடம்புக்கு என்னா வந்துச்சு உனக்கு?"

சைத்ரா குனிந்துகொண்டு செருப்பின் வாரை நோண்டினாள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கு ஆவல."

"ஆவலியா?"

"ஆவாம ஆயிட்டேன்னு சொன்னேன்."

"எதுக்குடி?"

"படிக்கறதுக்கு." பெண்ணுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "வீட்டுல எப்பப் படிக்கறது சொல்லு. புஸ்தகத்த எடுத்தா தண்ணி எடுத்தாங்கற, குட்டிய புடிங்கற, ரெண்டு மரக்கா புளி தட்டிக் குடுங்கற. பவனத்துல பல்பு இருக்குது. வெளிய கிடக்கறவள ஒருத்தரும் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க. அஞ்சு நாளுல முழுப் புஸ்தகமும் ரெண்டு தடவ போட்டுட்டேன்."

"பொய் சொல்லிட்டு வெளிய போய்க் கிடந்தியா? சாமிகிட்டயே பொய்யா?"

"வெளிய ஆனவ உள்ள இருந்தாத்தான சாமிக்கு ஆவாது? உள்ள இருக்க வேண்டியவ வெளிய கிடந்தா எந்த சாமி கோச்சுக்கும்?"

அப்படி ஒரு கட்டுப்பாடு ஹட்டியில் இல்லவேயில்லை. வெளியே கிடக்க ஆசைப்பட்டு எவளாவது போவாள் என்று முன்னோர் யாரும் யோசித்ததில்லை.

"இப்ப?" என்றாள் சிறுமக்கா.

"இப்ப நெசம்." இப்போதுதான் சைத்ராவின் குரல் உடைந்தது. "ரெண்டு நாளு தள்ளி வரும்னு நெனச்சேன். பரிட்சைக்கு நடுவுல லீவு நாளு இருக்குது, எப்படியாவது சமாளிச்சுக்கலாம்னு... இன்னிக்குக் கணக்குமா. நாளைக் கழிச்சு விஞ்ஞானம்."

சிறுமக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். பெண் வெளியே ஆகிவிட்டாள் என்று சொன்னால் எல்லைக்கல்லைத் தாண்ட முடியாது, இரண்டு பரீட்சை போகும், வைகாசியில் கல்யாணம். அதோடு பன்னிரண்டு நாளில் எப்படி இரண்டு தடவை என்று பொம்மக்கா கிளம்புவாள். அவள் கிளம்பினால் அது ஊர்க்கட்டைப் பஞ்சாயத்தில்தான் போய் நிற்கும். சொல்லாமல் மறைக்கலாம். மறைப்பதில் சிறுமக்காவுக்கு அனுபவம் இருந்தது.

"யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம். சாப்ட்டுட்டுக் கிளம்பு," என்றாள் மெதுவாக.

"முடியாதும்மா. அப்பா கையில காப்பு இருக்குது. நான் சாயங்காலம் வீட்டுக்குள்ள வரணும், அவரு குடிக்கற பானைய நான் தொடணும், அவரு பெட்டி தூக்கணும். நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்? குடி வாசல் வழியாவும் என்னால போவ முடியாது. எனக்குப் பயமா இருக்குது."

சிறுமக்காவுக்கு வெட்கமாக இருந்தது. பதினாறு வயசுப் பெண்ணுக்கு இருக்கிற பயத்தை இரண்டு வருஷமாக அவள் மாதாமாதம் முழுங்கிக்கொண்டிருக்கிறாள். அதை மகளிடம் சொல்லவும் முடியாது. வெயில் வேலிமுள்ளின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வாசலில் பொம்மக்கா வாயில் வேப்பங்குச்சியோடு வெளியே வந்து, இந்தப் பக்கம் என்ன பேச்சு என்று பார்த்தாள்.

"பையில எல்லாம் இருக்குதா? சீட்டு, பேனா?" என்று கேட்டாள் சிறுமக்கா.

"இருக்குது."

"துணி?"

"இஸ்கூல்ல குடுத்தது இருக்குது."

"அப்ப அங்கயே நில்லு. நான் என்னா சொன்னாலும் வாயத் தொறக்காத."

சிறுமக்கா எழுந்து வாசலுக்கு நடுவில் வந்தாள். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஹட்டிக்கே கேட்கிறமாதிரிக் கத்தினாள்.

"அய்யய்யோ, நான் வெளிய ஆயிட்டேனே! பரிசை நேரத்துல எனக்கு இப்படி வரணுமா!"

பொம்மக்காவின் வாயிலிருந்து குச்சி கீழே விழுந்தது. "என்னாடி சொல்ற? உனக்குத்தான் நின்னுபோச்சே!"

"நின்னதுதாங்க்கா. திரும்ப வந்துடுச்சு. நான் என்னா பண்ணுவேன்!"

"ரெண்டு வருஷம் கழிச்சா?"

"எனக்கு மட்டும் தெரியுமா? வந்துடுச்சே!" என்று சொல்லிக்கொண்டே சிறுமக்கா, தடுமாறுகிறவள் போல இரண்டு எட்டு வைத்து மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டுட்டியேடி பாவி!" பொம்மக்கா வாசலோரமாகப் பின்னுக்குப் போனாள். "காப்புக் கட்டுன வீட்டுல, பரிட்சைக்குப் போற புள்ளையத் தொட்டுட்டியே! புத்தி இருக்குதா உனக்கு?"

"தெரியாம புடிச்சிட்டேங்க்கா. விழுந்துடுவேன்னு..."

"தெரியாமப் புடிச்சா? இனிமே நீ குளிக்கற வரைக்கும் அவளும் உள்ள வரக்கூடாது. ரெண்டு பேரும் பவனத்துக்கு நடங்க. என் நெழலு மேல வராதீங்க."

சாதாரண நாளில் தீட்டுப் பட்டவள் தலையில் மஞ்சத்தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளே வரலாம். சாமி காப்பு கட்டிய வீட்டில் அது செல்லாது. தொட்டவள் குளித்து உள்ளே வருகிறவரை, பட்டவளும் அவளோடு வெளியே கிடக்க வேண்டும். ஆனால் பட்டவள் வேறு, ஆனவள் வேறு. பட்டவளுக்கு எல்லைக்கல் கட்டு கிடையாது. வீட்டுக்குள் போகக்கூடாது, சாமி குடிக்கு முன்னால் போகக்கூடாது, அவ்வளவுதான். மற்ற இடத்துக்கு அவள் போகலாம் வரலாம். இது பொம்மக்காவுக்கும் தெரியும். வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்தி, தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குடி வழியாப் போயிடாத புள்ள," என்றாள் கடைசியில், குரலை இறக்கி. "ஏரியச் சுத்திப் போ. சீக்கிரம் கிளம்பு. அது ஆறு கிலோமீட்டரு."

சிறுமக்கா எல்லைக்கல் வரைக்கும்தான் போனாள். அதற்கு மேல் அவள் போகக்கூடாது, ஏனென்றால் இப்போது அவள் வெளியே ஆனவள். உண்மையில் வெளியே ஆனவள் கல்லைத் தாண்டி, வெடித்துக் காய்ந்து கிடந்த ஏரியின் கரையில் ஏறி, ஜாலிமுள்ளுக்கு நடுவே பை தோளில் ஆட நடந்துகொண்டிருந்தாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சிறுமக்கா போ போ என்று கையை வீசினாள்.

"எத்தப்பா, அவள விட்டுடு. கேக்கணும்னா என்னக் கேளு. ஏற்கெனவே உனக்கு எங்கிட்ட கேக்க நெறைய இருக்குது, அதோட இதையும் சேத்துக் கேளு," என்று கல்லைப் பார்த்துச் சொன்னாள். வேண்டுதல் போலவும் இருந்தது, சண்டை போலவும் இருந்தது.

பவனத்துக்குள் ஒரு பாயும் ஒரு பானையும்தான் இருந்தன. சிறுமக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்து போய்ச் செய்ய ஒரு வேலையும் இல்லை. வேலிக்குள்ளிருந்து டொக் டொக் சத்தம் கேட்டது. கை தானாகச் சுத்தியலைத் தேடியது. கொஞ்ச நேரத்தில் சாய்ந்தவாறே தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, நடுப்பகல்வரை, ஒரு கனவும் இல்லாத தூக்கம். எத்தனை நாள் களைப்போ.

பொம்மக்கா கூப்பிட்ட பிறகுதான் முழித்தாள். பொம்மக்கா பத்தடி தள்ளி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கொத்து வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"ரொம்பப் போவுதா?"

"ம்."

"ரெண்டு வருஷம் நின்னு வந்தா நல்லதில்லன்னு சொல்லுவாங்க. டாக்டர்கிட்ட காட்டு."

"காட்டறேங்க்கா."

"சிறுமக்கா." பொம்மக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. "எனக்கு எல்லாருது தேதியும் தெரியும். உம் மக மொகத்தையும் பாத்தேன், உம் மொகத்தையும் பாத்தேன்."

சிறுமக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா நீ ஒண்ணு சொல்லுவ, சொன்னா நான் நாலு பேருகிட்ட சொல்லாம இருக்க மாட்டேன். என் வாயி எனக்கே தெரியும்." பொம்மக்கா திரும்பி நடந்தாள். நாலு எட்டு போய் நின்று, "ஆனா ஒண்ணு. வந்துடுச்சுன்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்ட. இனிமே மாசாமாசம் இருபத்தி மூணுன்னா உன் வாசலப் பாப்பேன். அத நான் விட முடியாது," என்றாள்.

அப்போதுதான் சிறுமக்காவுக்குத் தான் செய்ததன் முழு அளவு உறைத்தது. நின்றுபோனது என்ற மறைப்பு போய்விட்டது. இனி மாதாமாதம் அவள் வெளியே வந்தாக வேண்டும். அவளுக்கு அஞ்சு நாள், மகளுக்கு அஞ்சு நாள். எந்தப் பத்து நாளைத் தவிர்க்க இரண்டு வருஷம் செத்துப் பிழைத்தாளோ அதே பத்து நாள் மறுபடியும் வாசலில் வந்து நின்றது. வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்தாள். மீதியை மகளுக்கென்று எடுத்து வைத்தாள்.

மூன்று மணிக்குச் சைத்ரா வந்தாள். கால் முழுக்கப் புழுதி, உதடு வெடித்திருந்தது.

"எழுதினியா?"

"எழுதினேன். ஒரே ஒரு கணக்கு விட்டுட்டேன். அதுவும் பாதி போட்டிருக்கேன்." தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "எனக்காகப் பொய் சொல்லிட்டியே, இனிமே மாசாமாசம் உனக்கு வரலன்னா பெரியம்மா என்னா கேப்பாங்க? நின்னுபோனது எப்படி வரும்?"

சிறுமக்கா ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வரும். அது எங்க நின்னுச்சு?"

சைத்ராவுக்குப் புரிய நேரம் பிடித்தது. "நிக்கலியா?"

"இல்ல."

"எப்பருந்து?"

"மேடம் வந்து வேலிகிட்ட நின்னு பத்து நாளு பத்து நாளுன்னு கத்துனாளே, அன்னிலருந்து."

சைத்ரா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "இஸ்கூல்ல குடுக்கற நாப்கின் பாக்கெட்டுல எட்டு இருக்கும். பிரிச்சு வெச்சு அப்பறம் பாத்தா மூணு கொறையும். நான் பெரியம்மா மக எடுக்கறான்னு நெனச்சு அவகூட சண்ட போட்டேன்."

"நான்தான் எடுத்தேன். துணியக் கட்டுனா காயப் போடணுமே. எங்க காயப் போடறது? மூணுதான் எடுப்பேன், அதுக்கு மேல எடுத்தா உனக்குப் பத்தாது."

"அஞ்சு நாளுக்கு மூணா?"

சைத்ரா தன் தலையை அம்மாவின் தோளில் வைத்தாள். தாயும் மகளும் ஒருத்தரையொருத்தர் தொட்டுக்கொண்டிருக்க ஹட்டியில் அந்த ஒரு அறையில்தான் தடையில்லை. சிறுமக்காவுக்குத் திடீரென்று அழுகை வந்தது. மகளைத் திட்டிக்கொண்டே அழுதாள். "கேட்டிருந்தா நானே உன்ன படிக்க விட்டிருப்பனேடி. ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். கேட்டிருந்தால் விட்டிருப்பாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. புளி மூட்டை அத்தனை கிடந்தது.

அன்று சாயங்காலமும் மறுநாளும் கேத்தப்பா வந்தான். வெறுங்காலோடு, ஒரு கையில் பிரம்பும் மறு கையில் தூக்குப்போசியுமாக வந்து, தள்ளிக் கிடந்த ஒரு கல்லின்மேல் போசியை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். காப்பு கட்டியவனுக்கு வேறு வீட்டுச் சோறு ஆகாது. அவனே சமைத்துச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கொண்டுவந்தான். களி வெந்தும் வேகாமல், மாவு முடிச்சு முடிச்சாக இருந்தது. கொள்ளுச் சாற்றில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. இரண்டு பேரும் பசிக்குத் தின்றார்கள்.

மூன்றாம் நாள் விஞ்ஞானம். சைத்ரா மறுபடியும் ஏரியைச் சுற்றிப் போய் எழுதிவிட்டு வந்து, காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். கேத்தப்பா போசியை வைத்தான். இந்த முறை போகவில்லை. வெயிலில் நின்று, பிரம்பால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். அவன் கண்ணெல்லாம் அடுப்புப் புகையில் சிவந்திருந்தது.

"எழுதிட்டாளா?"

"எழுதிட்டா," என்றாள் சிறுமக்கா உள்ளேயிருந்து.

"நல்லா எழுதினாளாமா?"

"பாஸாயிடுவா. நீ பொம்மக்கா அண்ணனுக்குச் சொல்லி விட்ரு, வேற எடம் பாக்கச் சொல்லி."

கேத்தப்பா கீறிய கோட்டைக் காலால் அழித்தான். "நின்னுபோச்சுன்னு சொன்னியே," என்றான்.

"சொன்னேன்."

"திரும்ப வந்துடுச்சுங்கறாங்க."

"நான் ஒண்ணு சொல்லணும் உனக்கு," என்று சிறுமக்கா வாசலுக்கு வந்தாள். "ரெண்டு வருஷமா..."

"சொல்லாத." பிரம்பைப் பிடித்த கை மேலே போனது. அடிக்க அல்ல, நிறுத்த. "கையில காப்பு இருக்குது. நீ சொன்னா நான் கேட்டதாயிடும். கேட்டுட்டு நான் பெட்டி தூக்க முடியாது."

"அப்ப காப்பு அவுத்தப்பறம் சொல்றேன்."

"அப்பறமும் சொல்ல வேணாம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "குட்டி செத்தது கழிச்சலால. ஹட்டில எல்லார் பட்டியிலயும்தான் செத்துச்சு. நான் வுழுந்தது மரத்துக் கிள வெடிச்சிருந்ததால. அத நான் அப்பவே பாத்தேன், பாத்துட்டும் ஏறினேன்."

சிறுமக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த மனுஷனுக்கு எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவன் சொன்னதாகிவிடும்.

"களி முடிச்சு முடிச்சா இருந்துச்சு," என்றாள்.

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்தான். நாளைக்காவது ஒழுங்காக் கிண்டு."

"நாளைக்கும் நான்தானா? புள்ளைக்கு இன்னும் ரெண்டு நாளு பரிட்ச இல்லையே. அவ மேல பட்டதுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கூட்டினு போலாமான்னு ஊர்க்கட்டையில கேக்கறேன்."

"கேக்காத. அவ இங்கயே இருந்து படிக்கட்டும். நாளைக்கும் நீதான், நாளைக் கழிச்சும் நீதான். அடுத்த மாசமும் நான் வெளிய வருவேன். அதுக்கு அடுத்த மாசமும் வருவேன். அவ காலேஜிக்குப் போவா. அந்த அஞ்சு நாளும் நீதான் அடுப்பப் பாக்கணும்."

"ஆட்ட யாரு ஓட்டறது?"

"ரெண்டு கை களி கிண்டிட்டு ஓட்டு. நான் கிண்டிட்டுத்தான் எல்லா வேலையும் பாத்தேன்."

இருபது வருஷத்தில் சிறுமக்கா அவனிடம் இப்படிப் பேசியதில்லை. பாயில் படுத்திருந்த சைத்ரா எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேத்தப்பா ஹட்டியைத் திரும்பிப் பார்த்தான். வேலிக்குள் புளிச் சத்தம் ஓய்ந்து, அடுப்புப் புகை ஒவ்வொரு வீடாக எழும்பிக்கொண்டிருந்தது. அவன் வீட்டில் புகை இல்லை.

அவன் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு எட்டு கிட்டே வந்தான். எவ்வளவு தூரம் வரலாமோ அவ்வளவு தூரம் வந்து நின்றான்.

"தண்ணி எவ்வளவு வெக்கணும்?" என்று கேட்டான்.

சிறுமக்காவுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. அவள் கைக்குத்தான் அளவு தெரியும், அதை ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. இரண்டு கையையும் காற்றில் குழித்துப் பார்த்து, செம்பைச் சாய்க்கிறமாதிரி ஒருமுறை சாய்த்துப் பார்த்து, "ரெண்டு செம்பு வையி," என்றாள். "நல்லாக் கொதிக்கணும். கொதிச்சப்பறம்தான் மாவு. அவசரப்படாத, நான் இங்கதான் இருக்கேன், சொல்றேன்."